அழாத பிள்ளை

முதல் நாள் நான் பாப்பாவை ஏமாற்றித்தான் பாலர் பள்ளியில் விட்டேன்.

பாப்பா என் அக்கா மகள். வயது நான்கு. அக்கா காலை ஆறு மணிக்கே பினாங்குக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அத்தானுக்கு ஜொகூரில் வேலை. குளிமில் இரவு ஷிப்ட் முடித்து, ஏழே முக்கால் வாக்கில் சுங்கை பட்டாணி வந்து சேர்கிற தாய்மாமன் நான்தான் மிச்சம். கண்ணெரிச்சலோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் டீச்சர் என் காதருகே வந்து சொன்னார்: "அவ பொம்மைய பாத்துக்கிட்டு இருக்கும்போதே நழுவிடுங்க தம்பி. சொல்லிட்டுப் போனா அழுவா. ஒரு வாரத்துல பழகிடும்."

நழுவினேன். காரின் கதவைத் திறக்கும்போது அவள் கத்துவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

மதியம் போனபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிக் காரை நோக்கி நடந்தாள். "பத்து நிமிசந்தான் தம்பி. அப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நல்ல பிள்ள" என்றார் டீச்சர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று இரவு அவள் அம்மாவை, அதாவது என் அம்மாவை, குளியலறைக்குப் போகக்கூட விடவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினாள். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க அக்கா இப்படி இல்லடா. ஆயாக்கொட்டாயில விட்டா அழவே மாட்டா. தங்கம்."

இந்த வாக்கியத்தைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்குத்தான் அது உறுத்தியது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு சென்சார் பூஜ்யம் காட்டினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கோளாறு எதுவும் இல்லை; அல்லது சென்சார் செத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பிள்ளையின் மௌனத்தை மட்டும் நாம் ஏன் ஒரே அர்த்தத்தில் படிக்கிறோம்? நான் வரலாறு படித்தவனில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்பு பற்றிய ஆலோசனைகளைத் தேடப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு வரலாறு. அது போர்க்கால லண்டனில் தொடங்குகிறது.

*

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் பிரிட்டன் தன் நகரங்களிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றத் தொடங்கியது. குண்டுவீச்சுக்குப் பயந்து சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேரைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தைகளோடு தாய்மார்களும் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளோ பெயர்ச்சீட்டு கட்டிய சட்டையோடு பெற்றோர் இல்லாமல் ரயிலேறினார்கள். இந்தத் திட்டத்துக்கு 'பைட் பைப்பர்' என்று பெயர். குழலூதிப் பிள்ளைகளை ஊரைவிட்டே கூட்டிப் போனவனின் கதை அது. கதையில் அந்தப் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. பெயர் வைத்தவர்கள் அதை யோசித்தார்களா தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் மூவர்: ஜான் பௌல்பி, இமானுவல் மில்லர், டொனால்ட் வின்னிகாட். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்புவது கடுமையான மனநலச் சிக்கல்களை உண்டாக்கலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். பௌல்பிக்கு அப்போது 32 வயது. வசதியான குடும்பத்துப் பிள்ளை. அந்த வர்க்கத்து வழக்கப்படி, அம்மாவை அவர் பார்த்தது பெரும்பாலும் மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான். அவரை உண்மையில் வளர்த்த பணிப்பெண், அவருக்கு நான்கு வயதாகும் வாக்கில் வேலையை விட்டுப் போய்விட்டார். பாப்பாவின் வயது.

போர் நடந்துகொண்டிருந்தபோதே லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஆனா ஃப்ராய்டும் டாரத்தி பர்லிங்ஹாமும் பிள்ளைகள் காப்பகம் நடத்தினார்கள். அங்கே நடந்தவற்றை அவர்கள் எழுதிவைத்ததில் ஒரு சிறுவன் வருகிறான். நூலில் அவன் பெயர் பாட்ரிக். வயது மூன்று, இரண்டு மாதம். அம்மா விட்டுவிட்டுப் போகும்போது அவனிடம் சொல்லப்பட்டது இதுதான்: நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும், அழக்கூடாது, அழுதால் அம்மா பார்க்க வர மாட்டார். அவன் அழவில்லை. பதிலாக, அம்மா வருவார், கோட்டைப் போட்டுவிடுவார், வீட்டுக்குக் கூட்டிப்போவார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நாளாக ஆகப் பட்டியல் நீண்டது. கோட்டுக்குப் பிறகு காலுறை, ஜிப்பு, குல்லா. திரும்பத் திரும்பச் சொல்லாதே என்றார்கள். அதற்கும் கீழ்ப்படிந்தான். ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு, கோட்டு மாட்டுவதையும் ஜிப்பு இழுப்பதையும் குல்லா போடுவதையும் வெறும் கையால் செய்துகாட்டிக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம்.

அதைப் படித்தபோது ஷிப்ட் இடைவேளை. கேண்டீனில் வாங்கிய மீ கோரெங் ஆறிப்போனது. 'அழக்கூடாது, நல்ல பிள்ள' என்று நானும்தானே பாப்பாவிடம் சொல்லிக் கூட்டிப் போனேன்.

அந்தக் காப்பகத்தில் பிறகு ஒரு மாற்றம் செய்தார்கள். பிள்ளைகளைச் சிறு சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பாக ஒருவரை வைத்தார்கள். உடனே அமைதி வந்துவிடவில்லை. பிள்ளைகள் தங்கள் 'அம்மா'வை ஒட்டிக்கொண்டார்கள், பொறாமைப்பட்டார்கள், அவர் கொஞ்சம் நகர்ந்தாலே அழுதார்கள். பிறகுதான் பேச்சும் பழக்கவழக்கங்களும் வேகமாக முன்னேறின. அழுவதற்கு ஓர் ஆள் கிடைத்த பிறகு பிள்ளைகள் முதலில் அதிகமாகத்தான் அழுதார்கள்.

*

அந்தக் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளவும் சில்லறை வேலைகளுக்குமாக ஓர் இளைஞர் இருந்தார். கிளாஸ்கோ தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், பதின்ம வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனவர், ஜேம்ஸ் ராபர்ட்சன். ஆனா ஃப்ராய்டிடம் ஒரு கண்டிப்பு இருந்தது: சமையல்காரரோ கொதிகலன்காரரோ, அங்கே வேலை செய்கிற எல்லோரும் பிள்ளைகளிடம் கவனித்ததை அட்டையில் எழுதித் தர வேண்டும். ராபர்ட்சன் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். பொறியாளன் என்பதால் எனக்கு இவர் மேல் தனி மரியாதை உண்டு.

போருக்குப் பிறகு, 1948இல், பௌல்பி அவரை மருத்துவமனைப் பிள்ளைகளைக் கவனிக்க அனுப்பினார். அன்றைய லண்டன் மருத்துவமனைகளின் பார்வையாளர் நேரங்களை இன்று படித்தால் நம்ப முடியாது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மதியம் 2 முதல் 4 வரை. செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பெற்றோருக்கு அனுமதியே இல்லை. ஆனால் இரவு 7 முதல் 8 வரை வந்து, தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். தாதியர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: அம்மா வராதவரை வார்டு அமைதியாக இருக்கிறது, வந்துபோனால் பிள்ளைகள் அழுகிறார்கள்.

அந்த அமைதியில் ராபர்ட்சன் மூன்று கட்டங்களைக் கண்டார். முதலில் பிள்ளை அழுது எதிர்க்கிறது. அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கிப்போகிறது. மூன்றாவதாக விலகிவிடுகிறது, சிரிக்கிறது, விளையாடுகிறது, யார் கொடுத்தாலும் சாப்பிடுகிறது, அம்மா வந்தால் கண்டுகொள்வதில்லை. இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் மருத்துவமனைகள் 'பழகிவிட்டது' என்று குறித்துக்கொண்டிருந்தன.

சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆகவே அதுவரை படம் எடுத்துப் பழக்கமில்லாத அவர் ஒரு கேமராவை வாங்கினார். லாரா என்ற, இரண்டரை வயது நிரம்பாத சிறுமி குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக 8 நாள் மருத்துவமனையில் இருந்ததைப் படமாக்கினார். அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். லாரா கத்தி ரகளை செய்கிறவள் இல்லை. வயதுக்கு மீறிய கட்டுப்பாடு கொண்டவள். படத்தின் வலியே அந்தக் கட்டுப்பாடுதான். அம்மா பார்க்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வீட்டுக்குப் போகும் நாளில் அம்மாவின் கையைப் பிடிக்காமல் நடக்கிறாள்.

பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்த பாப்பாவை நினைத்துக்கொண்டேன். எட்டு நாளும் ஒரு காலைப்பொழுதும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நடை ஒரே மாதிரி இருந்தது.

1952இல் லண்டன் அரச மருத்துவச் சங்கத்தில் படத்தைத் திரையிட்டபோது மருத்துவர்கள் கொதித்தார்கள். வேண்டுமென்றே விசித்திரமான பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1959இல், அரசு நியமித்த பிளாட் குழு தன் அறிக்கையைத் தந்தது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சின்னப் பிள்ளைகளோடு தாய் தங்கவும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறை அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் மாறியது. இன்று நம் மருத்துவமனைகளில் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா நாற்காலியில் தூங்குவதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அந்த நாற்காலி வந்து சேர்ந்ததற்குப் பின்னால் இப்படியொரு சண்டை இருக்கிறது.

*

பௌல்பியோடு லண்டனில் வேலை செய்த மேரி ஐன்ஸ்வர்த், 1954இல் கணவரின் பணி காரணமாக உகாண்டா போனார். கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தார். தவழும் குழந்தை அம்மாவை விட்டு நகர்ந்து போகிறது, எதையோ எடுத்துப் பார்க்கிறது, திரும்பி அம்மா இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறது, மறுபடி போகிறது. பிள்ளை தைரியமாகத் தள்ளிப் போவதற்கே ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது என்பது அங்கே அவருக்குப் பிடிபட்டது. ஒட்டுதலும் தைரியமும் எதிரெதிர் குணங்கள் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஏறத்தாழ 20 நிமிடச் சோதனை ஒன்றை உருவாக்கினார். பொம்மைகள் உள்ள அறை. அம்மா சிறிது நேரம் வெளியே போய்த் திரும்பி வருவார், இரண்டு முறை. அம்மா போகும்போது பிள்ளை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதிகம் சொன்னது. ஓடி வந்து கட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போகிற பிள்ளைகள் உண்டு. அம்மா போனபோதும் அழாமல், வந்தபோதும் ஏறிட்டுப் பார்க்காமல் பொம்மையோடு இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பார்ப்பவர்கள் இவர்களைத்தான் மெச்சுவார்கள். 1977இல் இரண்டு ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். சும்மா விளையாடுவது போலத் தெரிந்த அந்தப் பிள்ளைகளின் துடிப்பும் எகிறித்தான் இருந்தது.

சென்சார் செத்திருக்கவில்லை. யாரும் அந்த முள்ளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. போர் முடிந்து பிரிட்டனில் பகல்நேரக் காப்பகங்கள் மூடப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு நல்ல ஆயுதமாகிப்போனது. 1972இல் மைக்கல் ரட்டர் அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பிரிவு என்பது ஒரே வகையானதல்ல, எப்படி, எவ்வளவு காலம், பிரிந்த நேரத்தில் யார் கூட இருந்தார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும் என்று காட்டினார். இதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் கடைசியில் குற்றவாளிக் கூண்டில் அம்மாக்கள்தான் நிற்பார்கள். என் அம்மாவையும் அக்காவையும் அங்கே நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

*

ஒருநாள் அம்மாவிடம் ஆயாக்கொட்டகை பற்றிக் கேட்டேன்.

அக்கா பிறந்தபோது அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே தோட்டத்து நாள் இருட்டில் தொடங்கியது. மரத்துக்குத் தோதான நேரம் பிள்ளைக்குத் தோதான நேரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. 1990இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டத்தின் நீண்ட தலைப்பில் குழந்தைக் காப்பகமும் வருகிறது, பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் ஒதுக்க வேண்டிய நிலமும் வருகிறது. ஒரே வாக்கியம். முதலாளி தர வேண்டிய வசதிகளின் வரிசையில் ஆயாக்கொட்டகை ஒன்று. பிள்ளைக்காக என்பதைவிட, தாய் வேலைக்கு வருவதற்காகத்தான் அது இருந்தது.

"நாலரைக்கு எந்திரிச்சு சமைச்சு வச்சிட்டு, அஞ்சரைக்கெல்லாம் பெரட்டுல நிக்கணும். பேர் கூப்புடும்போது ஆள் இல்லன்னா அன்னைக்கு வேல இல்ல. தூக்கத்துலயே புள்ளய கொண்டுபோயி ஆயாம்மா கையில குடுத்துடுவேன். முழிச்சிருந்தா விடுமா என்னைய?"

"முழிச்சதும் அழலியா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கெப்படிடா தெரியும்? நான் மரத்துலல்ல நிக்கிறேன். ஆயாம்மாதான் சொல்லும், ஒம்புள்ள தங்கம், சத்தமே இல்லன்னு. அதக் கேட்டாத்தான் எனக்கு மத்தியானம் சோறு எறங்கும்."

முப்பது வருடமாக வீட்டில் சொல்லப்பட்ட அந்த 'அழவே மாட்டா' அம்மா கண்ணால் பார்த்ததல்ல. அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகளோ. வெயிலில் வந்து நிற்கிற ஒவ்வொரு தாயிடமும் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? பாட்ரிக் பற்றி, லாரா பற்றி, இதயத் துடிப்பு பற்றி அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டுத்தான் அவர் எங்களை வளர்த்திருக்கிறார்.

அம்மாவே தொடர்ந்தார்: "ஏணைக்கு என் பழைய சேலையத்தான் குடுப்பேன். தொவைக்காத சேல. வாசம் இருக்கணுமில்ல."

கடிதம் எழுதிய அந்த மூவரில் ஒருவரான வின்னிகாட், பிள்ளைகள் விடாமல் பற்றிக்கொள்ளும் போர்வையும் பொம்மையும் தாய்க்கும் வெளியுலகுக்கும் நடுவில் ஒரு பாலம் என்று 1951இல் கட்டுரை வாசித்தார். அதைப் படிக்க வாய்ப்பில்லாத தோட்டத்துப் பெண்கள் இருட்டில் அவசரமாக ஓடுவதற்கு முன் தங்கள் சேலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

*

1984இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. 1996 கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. கட்டடம், உரிமம், பாடத்திட்டம் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. வாசலில் நடக்கும் அந்த ஐந்து நிமிடங்களுக்கு நாம் இன்னமும் நழுவிவிடுவதைத்தான் வழியாக வைத்திருக்கிறோம்.

ஜெர்மனியில் 1980களில் உருவான 'பெர்லின் முறை' அந்த நிமிடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு சிறிது நேரம் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிரிவே கிடையாது. நான்காம் நாள், சொல்லிவிட்டு வெளியே போகிறார். அதிகபட்சம் 30 நிமிடம். பிள்ளை எப்படி ஏற்கிறது என்பதைப் பார்த்து நேரத்தைக் கூட்டுகிறார்கள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டதா என்பது அங்கே அளவுகோல் இல்லை. அழுதாலும் ஆசிரியரிடம் சமாதானமாகிறதா என்பதுதான்.

டீச்சரிடம் கேட்டேன். முதலில் தயங்கினார். "மத்த பிள்ளைங்களும் கேக்குமே தம்பி." பிறகு மூன்று நாள் வராந்தாவில் உட்கார அனுமதித்தார். சின்னப் பிளாஸ்டிக் நாற்காலியில், தூக்கக் கலக்கத்தோடு, களிமண்ணில் பாம்பு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து என் முட்டியைத் தொட்டுவிட்டுப் போனாள். உகாண்டா குழந்தைகள் மாதிரி.

நான்காம் நாள் அவள் முன்னால் குத்துக்காலிட்டுச் சொன்னேன்: "மாமா இப்ப போறேன். நீ சாப்பிட்டு, படம் வரைஞ்சு, சப்பாத்து போட்டதும் கேட்டுல நிப்பேன்." நான்கு வயதுக்குப் பன்னிரண்டு மணி என்றால் புரியாது, சப்பாத்து புரியும். பையில் அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டு இருந்தது. அவள் முதல் நாளைவிடச் சத்தமாக அழுதாள். டீச்சர் தூக்கிக்கொண்டார். நடக்கும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். அரை மணி நேரத்தில் திரும்பினேன். மறுநாள் ஒரு மணி நேரம்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. இரண்டாவது வாரம் ஜாலான் பெசாரில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமானேன். சப்பாத்து போட்டுக்கொண்டு கேட்டில் நின்றிருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தைச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. திங்கட்கிழமைகளில் இன்னும் அழுகிறாள்.

போன வாரம் அவளைக் கூப்பிட அம்மாவும் என்னோடு வந்தார். உள்ளே சிரித்துக்கொண்டிருந்த பாப்பா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டீச்சருக்குச் சங்கடம். "இவ்ளோ நேரம் நல்லாத்தாம்மா இருந்தா. ஒங்கள பாத்ததும்தான்..."

'அக்கா அழவே மாட்டா' என்று அம்மா தொடங்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகைத் தடவினார்.

"அழு தாயி. நல்லா அழு. பாட்டி வந்துட்டேன்ல."

நான் காரை உடனே எடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.